கோவைக் கரிசல் மண்ணில் கந்தகம் இட்டால் காரத்தன்மை குறையுமா?

நொய்யல்கரை (சிங்காநல்லூர்):

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டின் பின்புறம் ஏறத்தாழ 40 சதுர மீட்டர் பரப்பில் ஒரு தோட்டம் உள்ளது. மண் கரிசல், ஓர் அடி தோண்டினாலே வெண்ணிறச் சுக்காங்கற்கள் (சுண்ணாம்புக் கட்டிகள்) வரத் தொடங்கிவிடும். எலுமிச்சை, இட்லிப்பூ, செம்பருத்தி ஆகிய மூன்றிலும் இளந்தளிர்கள் மஞ்சளாகின்றன. நரம்புகள் மட்டும் பச்சையாக நிற்கின்றன. அடியிலைகள் நன்றாகவே உள்ளன. தழைச்சத்துக் குறைவாக இருந்தால் அடியிலைகள்தாம் முதலில் மஞ்சளாகும் என்பதால், இது இரும்புச்சத்துக் குறைபாடு என்றே கருதுகிறேன்.

மண் பரிசோதனை முடிவில் பி.எச். (அமில, கார அளவு; 7 நடுநிலை, அதற்கு மேல் காரம்) 8.4 என்றும், மின் கடத்துதிறன் 0.4 என்றும், கரிமச் சத்து குறைவு என்றும் வந்திருக்கிறது. ஒரு சதுர மீட்டருக்கு 100 கிராம் கந்தகத் தூள் இட்டால் பி.எச். ஓர் அலகு குறையும் என்று பல காணொளிகளில் சொல்கிறார்கள். அவ்வாறாயின் இரண்டு முறை இட்டு 6.5 அளவுக்குக் கொண்டுவர இயலுமா? கடையில் பூச்சிமருந்தாக விற்கும் நனையும் கந்தகத்தை இடலாமா, அல்லது குருணையாக வரும் பென்டோனைட் கந்தகம் நல்லதா? எவ்வளவு காலத்தில் பலன் தெரியும்? பாசனம் முழுவதும் ஆழ்துளைக் கிணற்று நீர்தான்.

மண்வெட்டி (நத்தம்):

தாராளமாக இடலாம். எங்கள் பகுதி செம்மண்ணில் பி.எச். 7.6 இருந்த ஒரு பாத்தியில் கந்தகத் தூளைக் கொத்திக் கலந்து, ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டேன். அடுத்த பருவத்தில் எடுத்த பரிசோதனையில் 6.8 என்று வந்தது. செடிகளும் தெளிந்தன. விலையும் பெரிதில்லை. காணொளியில் சொன்ன அளவு சரியானதே என்பது என் அனுபவம்.

ஆய்வுக்கூடம் (ஓய்வு பெற்றவன், ஈரோடு):

நத்தத்து நண்பர் கண்டதும் உண்மை. ஆனால் அது சிங்காநல்லூருக்குப் பொருந்தாமல் போக வாய்ப்பு அதிகம். அதற்கான காரணத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

கந்தகம் தன்னளவில் அமிலம் அன்று. அது நீரில் கரையாது. மண்ணில் அப்படியே கிடந்தால் ஒன்றும் நடவாது. மண்ணில் வாழும் சில பாக்டீரியாக்கள் அதை உயிர்வளியுடன் சேர்த்துக் கந்தக அமிலமாக மாற்றுகின்றன. அவற்றுள் முதன்மையான ஒன்றை 1922இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் வாக்ஸ்மன், ஜோஃபே ஆகிய இருவரும் விவரித்தனர். அந்த வாக்ஸ்மன்தான் பின்னர் ஸ்ட்ரெப்டோமைசினுக்காக 1952இல் நோபல் பரிசு பெற்றவர். இந்த உயிரிகளுக்கு வெதுவெதுப்பும், ஈரமும், காற்றோட்டமும் சேர்ந்து வேண்டும். 30 பாகை செல்சியசை ஒட்டிய வெப்பத்தில் சுறுசுறுப்பாக இருக்கும் இவை, 10 பாகைக்குக் கீழே ஏறத்தாழ உறங்கிவிடும். கொங்கு நாட்டில் வெப்பத்துக்குக் குறைவில்லை; ஈரம் காய்வதும், கரிசல் மண்ணில் நீர் தேங்கிக் காற்று புகாமல் போவதும்தான் இங்குள்ள தடைகள். நீர் தேங்கிய மண்ணில் இந்த வேலை நின்றுபோவது மட்டுமல்லாமல், அங்குள்ள சல்பேட்டும் அழுகிய முட்டை நாற்றமுள்ள ஹைட்ரஜன் சல்பைடாகத் திரும்பக்கூடும். அது வேருக்கு நஞ்சு.

துகளின் அளவும் முக்கியமானது. மாவு போன்ற தூள் சில வாரங்களிலேயே மாறத் தொடங்கி, ஓரிரு பருவங்களில் பெரும்பகுதி மாறிவிடும். குருணை ஓராண்டுக்கு மேலும் எடுத்துக்கொள்ளும். பென்டோனைட் களிமண் கலந்த குருணை ஈரத்தில் ஊதி உடைவதால் சற்று விரைவானது. நனையும் கந்தகம் மிக நுண்ணியது என்பதால் வேகமாக மாறும். ஆனால் இலைமேல் தெளிக்கவென்று செய்த சரக்குக்குக் கூடுதல் விலை கொடுத்து அதை மண்ணில் புதைப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

உண்மையான கேள்வி இதற்குப் பிறகுதான் வருகிறது. உருவான அமிலம் எதனோடு வினைபுரியப் போகிறது? நத்தம் செம்மண்ணில் தனிச் சுண்ணாம்பு (கால்சியம் கார்பனேட்) இருந்திராது. ஆகவே அமிலம் நேரடியாக மண்ணின் பி.எச்.சைக் குறைத்திருக்கும். காணொளிகளில் சொல்லப்படும் 50 முதல் 150 கிராம் வரையிலான அளவுகளும் சுண்ணாம்பு இல்லாத மண்ணுக்கே உரியவை. மணற்பாங்கான மண்ணுக்குக் குறைவு, களிமண்ணுக்கு அதிகம். சுக்காங்கல் கிடக்கும் மண்ணில் அமிலம் முதலில் சுண்ணாம்பைத்தான் தின்னும். அது தீரும்வரை பி.எச். அசையாது.

எனவே முதலில் ஒரு சோதனை செய்யுங்கள். கல்லும் வேரும் நீக்கிய உலர்ந்த மண்ணை ஒரு கரண்டி எடுத்துப் பீங்கான் தட்டில் வைத்து, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைச் சில சொட்டுகள் விடுங்கள். அது கிடைக்காவிட்டால் வினிகரும் போதும்; ஆனால் சுண்ணாம்பு குறைவாக இருந்தால் வினிகரில் தெரியாமல் போகலாம். எங்கெங்கு நுரைக்கிறது, எவ்வளவு நேரம் நுரைக்கிறது என்று எழுதுங்கள். கையுறையும் கண்ணாடியும் அணிந்தே செய்ய வேண்டும்.

நொய்யல்கரை:

ஐயா, தோட்டத்தின் நான்கு மூலைகளிலும் நடுவிலும் மண் எடுத்துச் சோதித்தேன். எல்லா இடத்திலும் நுரைக்கிறது. மதில் ஓரம் எடுத்த மண் வினிகருக்கே சீறி நுரைத்தது. ஆய்வகத்தில் தொலைபேசியில் விசாரித்தபோது, தனிச் சுண்ணாம்பு ஏறத்தாழ 5 சதவீதம் என்றார்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வீட்டில் அம்மா செடிகளுக்கு அடுப்புச் சாம்பலும், நொறுக்கிய முட்டை ஓடும் தவறாமல் போடுவார். அது சத்து என்பது அவரது உறுதியான எண்ணம்.

ஆய்வுக்கூடம்:

மதில் ஓரம் கூடுதலாக நுரைப்பதற்குக் கட்டடம் கட்டியபோது கொட்டிய சிமெண்டுக் கலவையும் சுண்ணாம்புக் காரையும் காரணமாக இருக்கலாம். புதிதாகக் கட்டிய வீடுகளில் சுவரை ஒட்டி நட்ட செடிகள் மட்டும் வெளுத்துப்போவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். மற்றபடி உங்கள் வட்டாரத்து நிலத்தடியே சுண்ணாம்பு மிகுந்தது. அருகிலுள்ள மதுக்கரையில் சிமெண்டு ஆலை அமைந்ததற்கே அங்குள்ள சுண்ணாம்புக்கல்தான் காரணம்.

இப்போது கணக்கைப் பார்ப்போம். ஒரு சதுர மீட்டரில் 15 சென்டிமீட்டர் ஆழ மண்ணின் எடை சுமார் 200 கிலோ. அதில் 5 சதவீதம் என்றால் 10 கிலோ சுண்ணாம்பு. 32 கிராம் கந்தகத்திலிருந்து உண்டாகும் அமிலம் 100 கிராம் கால்சியம் கார்பனேட்டைக் கரைக்கும். அதாவது ஒரு கிலோ கந்தகம் மூன்று கிலோவுக்குச் சற்று அதிகமான சுண்ணாம்பைத் தீர்க்கும். உங்கள் 10 கிலோவைத் தீர்க்க ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் 3.2 கிலோ கந்தகம் வேண்டும். 40 சதுர மீட்டருக்கு 128 கிலோ. இவ்வளவும் மேல் 15 சென்டிமீட்டருக்கு மட்டுமே. எலுமிச்சையின் வேர் அதற்குக் கீழேயும் போகும். அவ்வாறு தீர்த்தால் ஒவ்வொரு சதுர மீட்டரிலும் 17 கிலோ ஜிப்சம் (கால்சியம் சல்பேட்) உண்டாகி மண்ணில் கிடக்கும் என்பதையும் நினைத்துப் பாருங்கள்.

காணொளியின் 100 கிராம், இந்த 10 கிலோவில் வெறும் 310 கிராமை, அதாவது மூன்று சதவீதத்தைத்தான் தொடும். ஆறு மாதம் கழித்துச் சோதித்தால் அதே 8.3, 8.4 என்றே வரும். சுண்ணாம்பு உள்ள மண்ணில் பி.எச். அந்த எல்லையிலேயே நிற்பதற்குக் காரணம், கார்பனேட்டுக்கும் காற்றிலுள்ள கரியமில வாயுவுக்கும் இடையிலான சமநிலை. 8.5ஐத் தாண்டியிருந்தால் சோடியத்தைச் சந்தேகிக்க வேண்டும். உங்கள் மண் அந்த வகையில் சேரவில்லை.

அம்மாவிடம் பக்குவமாகச் சொல்லுங்கள்: முட்டை ஓடு ஏறத்தாழ முழுவதும் கால்சியம் கார்பனேட்டுதான், சாம்பல் அதைவிட விரைவாகக் காரத்தன்மையை ஏற்றும். அமில மண்ணுள்ள கோத்தகிரியில் இருந்தால் அவை இரண்டும் மருந்து, சிங்காநல்லூரில் வேண்டாம்.

மண்வெட்டி:

கணக்கு சரியாகவே இருக்கலாம். ஆனால் பல்லடம் பக்கம் என் மைத்துனர் தோட்டத்திலும் சுக்காங்கல் மண்தான். அவர் எலுமிச்சைக்கு மரத்துக்கு அரைக் கிலோ கந்தகம் வைத்தார். மறு ஆண்டில் மரம் நன்றாகப் பச்சைகட்டியது. பி.எச். அசையாது என்றால் மரம் எப்படித் தெளிந்தது? கண்ணால் கண்டதைக் கணக்கு பொய்யாக்கிவிடுமா?

ஆய்வுக்கூடம்:

நல்ல கேள்வி. உங்கள் மைத்துனர் அதை எப்படி வைத்தார் என்று கேட்டுச் சொல்லுங்கள். மரத்தைச் சுற்றிப் பரவலாகத் தூவினாரா, குழியில் வைத்தாரா?

மண்வெட்டி:

கேட்டேன். இலைக்கூரையின் விளிம்புக்கு நேர்க்கீழே கடப்பாறையால் சுற்றிலும் குழி போட்டு, தொழுவுரத்துடன் கலந்து நிரப்பினாராம்.

ஆய்வுக்கூடம்:

அப்படியென்றால் கணக்கும் பொய்யில்லை, அவர் கண்டதும் பொய்யில்லை. தோட்டம் முழுவதையும் அமிலமாக்க முடியாது. ஒரு குழியை அமிலமாக்கலாம். அரைக் கிலோ கந்தகம் 20 சதுர மீட்டரில் பரவினால் காணாமல் போகும். பத்துப் பன்னிரண்டு குழிகளில் திரண்டு இருந்தால், ஒவ்வொரு குழியைச் சுற்றியும் கையகல மண் சில காலத்துக்கேனும் பி.எச். 6க்குக் கீழே இறங்கும். மரத்துக்கு வேண்டிய இரும்பின் அளவு மிகக் குறைவானது. வேரின் சிறு பகுதி அத்தகைய இடங்களில் புகுந்தாலே முழு மரத்துக்கும் போதுமான இரும்பு கிடைத்துவிடும்.

மண்ணில் இரும்பு இல்லாமல் இல்லை; எடையில் ஓரிரு சதவீதம் முதல் ஐந்து சதவீதம் வரை சாதாரணமாகவே இருக்கும். கரையாமல் கிடப்பதே குறை. பி.எச். ஓர் அலகு ஏறும்போது மண்ணிலுள்ள ஃபெரிக் இரும்பின் கரைதிறன் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைகிறது. துருப்பிடித்த ஆணிகளைச் செடியின் அடியில் புதைக்கும் வழக்கம் பயன் தராததற்கும் இதுவே காரணம்; பூட்டிய பெட்டிக்குள் பணம் நிறைய இருக்கும்போது வெளியிலிருந்து இன்னொரு பூட்டிய பெட்டியைக் கொண்டுவந்து வைப்பது போன்றது அது.

மேலும் இரண்டு காரணங்கள் அந்த எலுமிச்சைக்கு உதவியிருக்கலாம். கந்தகம் செடிக்கு நேரடியாகவே ஒரு சத்து. எண்ணெய் வித்துப் பயிர்களுக்கு எக்டேருக்கு 40 கிலோ வரை பரிந்துரைப்பார்கள், அதாவது சதுர மீட்டருக்கு 4 கிராம். மண்ணில் கந்தகம் பற்றாக்குறையாக இருந்திருந்தால், பி.எச். மாறாமலேயே செடி தெளியும். அடுத்தது தொழுவுரம். அது மண்ணை இளக்கி, காற்றோட்டம் தந்து, இரும்பைக் கரைத்துப் பிடித்துவைக்கும் கரிமச் சேர்மங்களையும் கொடுக்கிறது. மைத்துனருக்குப் பலன் தந்தது எது என்பதை ஒரே மரத்தை வைத்துக்கொண்டு பிரித்துச் சொல்ல இயலாது.

யாழ்வளவு (யாழ்ப்பாணம்):

இந்த உரையாடலை ஆர்வத்துடன் வாசித்துவருகிறேன். யாழ்ப்பாணக் குடாநாடு முழுவதுமே சுண்ணக்கல் தளத்தின் மீது அமர்ந்திருப்பதால், எங்களுக்கும் இதே சிக்கல் உண்டு. எங்கள் வளவில் தேசிக்காயும் செவ்வரத்தையும் மஞ்சளித்தபோது நாங்களும் மண்ணையே குற்றஞ்சாட்டிக்கொண்டிருந்தோம். ஆனால் கிணற்று நீரைக் கொதிக்கவைக்கும் கேத்தலின் உள்ளே படியும் வெள்ளைப் படிவத்தைப் பார்க்கும் எவருக்கும், அதே நீரைத்தானே நாள்தோறும் செடிக்கும் ஊற்றுகிறோம் என்ற எண்ணம் வர வேண்டும். கந்தகம் இடுவதற்கு முன்னர் நீரின் காரத்தன்மையையும் பரிசோதித்தால் நல்லது என்பது என் பணிவான கருத்து. மாரியில் எங்கள் செடிகள் எந்தப் பசளையும் இல்லாமலே சற்றுத் தெளிவதைக் கண்டிருக்கிறோம்.

ஆய்வுக்கூடம்:

யாழ்ப்பாணத்து அன்பர் சரியான இடத்தைத் தொட்டிருக்கிறார். நொய்யல்கரை, உங்கள் ஆழ்துளைக் கிணற்று நீரின் மொத்தக் காரத்தன்மை என்ன? பி.எச். அளவை மட்டும் சொன்னால் போதாது. கால்சியம் கார்பனேட்டாகக் கணக்கிட்டு லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் என்பது வேண்டும். குடிநீர்ப் பரிசோதனை அறிக்கையில் அந்த வரி கட்டாயம் இருக்கும்.

நொய்யல்கரை:

பழைய அறிக்கையில் 400 என்று இருக்கிறது.

ஆய்வுக்கூடம்:

இந்தியக் குடிநீர்த் தரநிலையில் விரும்பத்தக்க அளவு 200; வேறு நீர் இல்லாதபோது 600 வரை ஏற்கலாம். எனவே குடிக்க இது தடையில்லை. தோட்டத்துக்கு என்ன செய்கிறது என்று பாருங்கள். கோடையில் சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு 5 லிட்டர் ஊற்றினால், 2 கிராம் சுண்ணாம்புக்குச் சமமான காரம் மண்ணில் சேர்கிறது. ஆண்டில் 200 நாள் பாய்ச்சினால் 400 கிராம். இதை ஈடுகட்ட மட்டும் 128 கிராம் கந்தகம் வேண்டும். ஆக, காணொளியில் சொன்ன 100 கிராம் கந்தகம் உங்கள் மண்ணைத் தொடுவதற்கு முன்பே, நீரில் வந்த காரத்தைத் தீர்ப்பதிலேயே முடிந்துவிடும்.

நீர் தொடர்பாக இன்னொன்றும் உண்டு. சுண்ணாம்பு மண்ணில் அளவுக்கு மீறி நீர் பாய்ச்சினால், வேர்களும் நுண்ணுயிரிகளும் வெளிவிடும் கரியமில வாயு வெளியேற வழியின்றித் தங்கி, பைகார்பனேட்டாகத் திரளும். அது வேர் இரும்பை எடுப்பதையும் எடுத்ததை இலைவரை கொண்டுசெல்வதையும் தடுக்கிறது. மஞ்சளான செடிக்கு வாட்டம் என்று நினைத்து இன்னும் நீர் ஊற்றுவது நோயைப் பெருக்கும். இரண்டு அங்குல ஆழத்தில் மண் உலரத் தொடங்கிய பிறகு பாய்ச்சுங்கள்.

மாநகராட்சிக் குழாயில் சிறுவாணி நீர் வருகிறதா? அது மிக மென்மையான நீர். வந்தால், குடிக்க வைத்ததுபோக மிஞ்சும் பழைய நீரை இட்லிப்பூவுக்கு ஊற்றலாம். மழைநீர் அதைவிட நல்லது; 60 சதுர மீட்டர் மாடியில் 20 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1200 லிட்டர் கிடைக்கும். தோட்டத்துக்கே மழைநீர் போதாவிட்டாலும் அமிலம் விரும்பும் இரண்டு செடிகளுக்குப் போதும்.

மாடித்தோட்டக்காரி (சென்னை):

வினிகரையோ எலுமிச்சைச் சாற்றையோ நீரில் கலந்து ஊற்றினால் போதாதா? நான் தொட்டிகளுக்கு அவ்வப்போது அப்படிச் செய்கிறேன். காப்பித் தூள் சக்கையும் போடுகிறேன்.

ஆய்வுக்கூடம்:

அம்மா, வினிகரின் அசிட்டிக் அமிலத்தையும் எலுமிச்சையின் சிட்ரிக் அமிலத்தையும் மண்ணிலுள்ள நுண்ணுயிரிகள் சில நாள்களில் தின்று தீர்த்துவிடும்; காரம் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். நிலைத்த மாற்றம் கந்தக அமிலம் போன்ற வலிய அமிலங்களால் மட்டுமே வரும். அதற்காக மின்கல அமிலத்தை வீட்டில் எடுத்து நீரில் கலக்கும் யோசனையை யாரும் முயல வேண்டாம். வடித்து எடுத்த காப்பிச் சக்கை ஏறத்தாழ நடுநிலைக்கு அருகிலேயே இருக்கும். அமிலம் பெரும்பாலும் நீங்கள் குடித்த காப்பியோடு போய்விட்டது. அது உரமாக நல்லது, அவ்வளவே.

தொட்டிகளைப் பொறுத்தவரை, கழுவிய தென்னை நார்க்கழிவே பெரும்பாலும் 5.5 முதல் 6.8 வரை பி.எச். கொண்டது. தொட்டியில் கந்தகம் இடுவதை நான் ஊக்குவிப்பதில்லை. மண் அளவு சிறியது. அதைத் தாங்கிப் பிடிக்கும் சுண்ணாம்பும் இல்லை. ஒரு தேக்கரண்டி கூடினால் வேர் கருகும் அளவுக்குப் பி.எச். இறங்கிவிடும்.

கோத்தகிரியான்:

என் ஊரின் பெயர் அடிபட்டதால் ஒரு வரி. எங்கள் மண் இயல்பாகவே 4.5 முதல் 5.5 வரைதான் இருக்கிறது. தேயிலைக்கு அது பொருத்தம். முட்டைக்கோசுக்கும் கேரட்டுக்கும் டோலமைட் (ஒருவகைச் சுண்ணாம்புக்கல்) இடாமல் விளைச்சல் இல்லை. ஹைட்ராஞ்சியா இங்கே நீலமாகப் பூக்கிறது. அதே செடியைச் சமவெளிக்குக் கொண்டுபோய்ச் சுண்ணாம்பு மண்ணில் நட்டால் இளஞ்சிவப்பாகிறது. அமில மண்ணில் அலுமினியம் கரைந்து பூவுக்குள் சேர்வதால் வரும் நீலம் அது. அதே அலுமினியம் 5க்குக் கீழே மற்றப் பயிர்களின் வேர் நுனியைக் கருக்கிவிடும் என்பதால், பி.எச்.சைக் குறைத்துக்கொண்டே போவது எல்லா நிலையிலும் நன்மை என்று யாரும் எண்ணிவிட வேண்டாம்.

நிலக்கோட்டை மல்லி:

நாங்கள் மல்லிகை பயிரிடுகிறோம். மஞ்சள் கண்ட செடிக்கு மண் மாறும்வரை காத்திருக்க முடியாது, பூ போய்விடும். அன்னபேதியைத்தான் (இரும்புச் சல்பேட்) தெளிக்கிறோம். லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதியும், அரை முதல் ஒரு கிராம் வரை சிட்ரிக் அமிலமும் கலந்து, வெயில் தாழ்ந்த பிறகு தெளிக்க வேண்டும். முதலில் சிட்ரிக் அமிலத்தைக் கரைத்துவிட்டு அதன்பின் அன்னபேதியைப் போடுங்கள். உப்பு நீரில் நேரடியாகப் போட்டால் சிறிது நேரத்தில் செம்பழுப்பாகத் திரிந்துவிடும், அதன்பின் பயனில்லை. அன்னபேதி வாங்கும்போது வெளிர்பச்சைப் படிகமாக இருக்கிறதா என்று பாருங்கள். பழுப்புத் தூளாக மாறியிருந்தால் வேண்டாம்.

தெளித்த சில நாள்களில், துளி விழுந்த இடமெல்லாம் இலையில் பச்சைப் புள்ளிகள் தோன்றும். அப்படித் தோன்றினால் குறை இரும்புதான் என்பது உறுதி. செடிக்குள் இரும்பு பழைய இலையிலிருந்து புதிய இலைக்கு நகராது. ஆகவே புதுத் தளிர் விட்டதும் 10, 15 நாள் இடைவெளியில் மறுபடியும் தெளிக்க வேண்டும். சுவரிலும் தளக்கல்லிலும் பட்டால் துருக்கறை போகாது.

நொய்யல்கரை:

அன்னபேதியை மண்ணிலேயே இட்டால் என்ன? கடைக்காரர் அதைத்தான் சொன்னார். ஜிப்சமும் பரிந்துரைத்தார்.

ஆய்வுக்கூடம்:

சுண்ணாம்பு மண்ணில் இட்ட அன்னபேதி விரைவிலேயே துருவாக மாறிக் கரையாமல் போகும். தொழுவுரத்தில் கலந்து குழியில் வைத்தால் சிறிது காலம் உதவும். மேலே தூவுவது வீண். ஜிப்சம் நடுநிலையான உப்பு, அது பி.எச்.சைக் குறைக்காது. சோடியம் மிகுந்த களர் நிலத்தில் அதன் கால்சியம் சோடியத்தை வெளியேற்றுவதால், அங்கு மட்டும் பி.எச். இறங்குகிறது. உங்கள் மண்ணில் கால்சியத்துக்கா பஞ்சம்? களர் மருந்தைச் சுண்ணாம்பு மண்ணுக்குப் பரிந்துரைப்பது கடைகளில் இன்றும் நடக்கிறது. இரண்டு நிலத்தையும் பி.எச். என்ற ஒரே எண்ணால் அளந்து ஒன்றாகக் கருதுவதால் வரும் குழப்பம் இது.

மண் வழியாகவே இரும்பு கொடுக்க விரும்பினால், கொடுக்கிணைப்பு இரும்பு (இரும்பைக் கரைந்த நிலையிலேயே பற்றி வைத்திருக்கும் சேர்மம்) வகைகளில் இ.டி.டி.எச்.ஏ. என்ற கருஞ்சிவப்புக் குருணையைக் கேட்டு வாங்குங்கள். மலிவாகக் கிடைக்கும் இ.டி.டி.ஏ. வகை பி.எச். 6.5ஐத் தாண்டினாலே இரும்பைக் கைவிடத் தொடங்கும், டி.டி.பி.ஏ. 7.5 வரை தாங்கும்; 8.4இல் நிலைத்து நிற்பது இ.டி.டி.எச்.ஏ. ஒன்றுதான். விலை அதிகம். ஆனால் ஒரு சிறு புதருக்கு 5 முதல் 10 கிராம் போதும் என்பதால், 128 கிலோ கந்தகம் வாங்குவதைவிட மலிவு.

தழைச்சத்துக்கு யூரியாவின் இடத்தில் அம்மோனியம் சல்பேட்டைக் கையாளலாம். அதன் அம்மோனியத்தை நுண்ணுயிரிகள் நைட்ரேட்டாக மாற்றும்போது அமிலம் பிறக்கிறது. ஒரு கிலோ உரம் 1.1 கிலோ சுண்ணாம்புக்கு ஈடான அமிலம் தரும். வேரின் ஓரத்திலேயே இது நிகழ்வதால் பயன் கூடுதல். கார மண்ணின் மேற்பரப்பில் தூவினால் அம்மோனியா ஆவியாகிப் போய்விடும். மண்ணில் புதைத்து உடனே நீர் விட வேண்டும்.

மண்வெட்டி:

இட்லிப்பூவுக்கு மட்டும் தனி வழி உண்டு. அந்தச் செடியைப் பெயர்த்துவிட்டு, இரண்டு அடிக்கு இரண்டு அடி குழி எடுத்து, கரிசலை அப்புறப்படுத்திவிட்டுச் செம்மண்ணும் நார்க்கழிவும் மட்கிய உரமும் கலந்து நிரப்பி நடுங்கள். சுற்றுத் தரையைவிட அரை அடி உயரமாக மேடு கட்டினால், பக்கத்துச் சுண்ணாம்பு நீர் உள்ளே இறங்காது. செம்மண் ஏற்றிவரும் வண்டியை நிறுத்தி, இறக்குவதற்கு முன்பே அந்த மண்ணில் அமிலச் சொட்டு விட்டுப் பாருங்கள். உங்கள் பக்கத்துச் செம்மண்ணில் பலவும் சுண்ணாம்பு கலந்ததுதான். நிறத்தைப் பார்த்து நம்ப வேண்டாம்.

நொய்யல்கரை:

அனைவருக்கும் நன்றி. தோட்டம் முழுவதையும் 6.5க்குக் கொண்டுவரும் திட்டத்தைக் கைவிடுகிறேன். எலுமிச்சைக்கு இலைக்கூரை விளிம்பில் 10 குழிகள், ஒவ்வொன்றும் முக்கால் அடி ஆழம். ஒவ்வொரு குழியிலும் 50 கிராம் கந்தகத் தூளும் இரண்டு கை தொழுவுரமும். வடகிழக்குப் பருவமழைக்கு முன்பாக, புரட்டாசித் தொடக்கத்தில் வைக்கிறேன். அதுவரை மூன்று செடிகளுக்கும் அன்னபேதித் தெளிப்பு. இட்லிப்பூவுக்கு மண்வெட்டி அண்ணன் சொன்ன மேட்டுக்குழி; அதற்கு மாடியின் மழைநீர். சாம்பலை அம்மா கோயில் நந்தவனத்துக்குக் கொடுக்க ஒப்புக்கொண்டுவிட்டார். அங்கும் கரிசல் மண்தான் என்பதை இன்னும் அவரிடம் சொல்லவில்லை.

ஆய்வுக்கூடம்:

திட்டம் சரி. மூன்று திருத்தங்கள் மட்டும்.

50 கிராமை ஒரே குழியில் கட்டியாகக் கொட்டிவிடாமல், எடுத்த மண்ணுடனும் தொழுவுரத்துடனும் நன்றாகக் கலந்த பிறகே நிரப்புங்கள். கட்டியாக இருந்தால் நடுவிலுள்ள தூளுக்கு ஈரமும் காற்றும் சேராது. விரல் கனத்துக்கு மேலான வேர் தென்பட்டால் அந்தக் குழியைச் சற்று நகர்த்திக்கொள்ளுங்கள். இந்த வேலையைக் காற்று இல்லாத காலை நேரத்தில், முகக்கவசத்துடன் செய்யுங்கள்; கந்தகத் தூள் கண்ணையும் மூச்சையும் உறுத்தும், தீப்பொறி பட்டால் எரிந்து கடும் நெடியுள்ள வாயுவை விடும்.

அடுத்தது, எலுமிச்சையின் எல்லாக் குழிகளிலும் இந்த ஆண்டே கந்தகம் போட வேண்டாம். ஒரு பாதியில் ஐந்து குழிகளில் கந்தகமும் தொழுவுரமும், மறு பாதியில் ஐந்து குழிகளில் தொழுவுரம் மட்டும் வையுங்கள். மண்வெட்டி நண்பரின் மைத்துனர் கேள்விக்கு அப்போதாவது ஒரு விடை கிடைக்க வாய்ப்புண்டு. ஒரே மரமாதலால் இலையைப் பார்த்துத் தெரியாது. குழியைத் திறந்து எந்தப் பக்கம் புதுவேர் அதிகம் ஓடியிருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

மூன்றாவது, அடுத்த பங்குனி வாக்கில் மண் மாதிரி எடுக்கும்போது குழி மண்ணையும் இடைமண்ணையும் தனித்தனிப் பையில் போட்டு அனுப்புங்கள். இரண்டையும் கலந்தால் சுண்ணாம்பு மண்ணின் எண்ணே மேலோங்கி மறுபடியும் 8.4 என்றுதான் வரும். இரண்டு கம்பி குத்திப் பார்க்கும் மலிவுக் கருவியை நம்ப வேண்டாம். ஒரு பங்கு மண்ணுக்கு இரண்டரைப் பங்கு நீர் கலந்து, சரிபார்த்த மின்முனைக் கருவியால் ஆய்வகத்தில் அளந்த எண்ணையே இங்கே பதியுங்கள்.